தரை ஹீட்டிங்குக்கு அடியில இன்சுலேஷன்: புதுசா போடுறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

தரைக்குள்ள பைப்போ கேபிளோ ஓட்டி ரூமை சூடாக்குற சிஸ்டம் போடலாம்னு முடிவு பண்ணினதும் எல்லாரும் முதல்ல கேக்குறது என்ன பைப், எத்தனை லூப் (பைப்பை வளைச்சு வளைச்சு ஓட்டுற ஒரு சுத்து), எந்த பாயிலர், எந்த தெர்மோஸ்டாட், இதைத்தான். சரி, அடியில என்ன போடப்போறீங்கன்னு திருப்பிக் கேட்டா "ஏதோ ஒரு ஷீட் போடுவாங்கல்ல, அதுதான்" அப்படின்னு பதில் வரும். ஆனா பாருங்க, தெர்மோஸ்டாட்டை நாளைக்கே மாத்திக்கலாம், பாயிலரை சில வருஷம் கழிச்சு மாத்திக்கலாம், மேல இருக்கிற டைல்ஸைக்கூட பேத்துட்டு வேற ஒட்டிக்கலாம், கான்க்ரீட்டுக்கு அடியில போற ஃபோம் மட்டும் ஒரு தடவை மூடினா மூடினதுதான். பட்ஜெட் இடிக்குதுன்னா வேற எங்க வேணா கை வைங்க, இதுல மட்டும் வேணாம்.

"சூடு மேலதான போகும், அப்புறம் அடியில எதுக்கு?" இந்தக் கேள்வி கண்டிப்பா வரும், காண்ட்ராக்டர்கூட கேப்பாரு. மேல போறது சூடான காத்து. சூடுக்கு மேல கீழ எல்லாம் கிடையாது, எந்தப் பக்கம் குளிரா இருக்கோ அந்தப் பக்கம் ஓடும், ரெண்டு பக்கமும் குளிரா இருந்தா எந்தப் பக்கம் தடை கம்மியோ அங்க அதிகமா ஓடும், அவ்வளவுதான். அடியில இன்சுலேஷன் இல்லாம தரை ஹீட்டிங் ஓட்டுறது ஓட்டைக் குடத்துல தண்ணி ரொப்புற கதை, ரொம்பாதுன்னு இல்ல, ஊத்திக்கிட்டே இருக்கணும்.

முதல்ல கொஞ்சம் கணக்கு

இன்சுலேஷன் எவ்வளவு தடுக்குதுங்கிறதை ஆர் வேல்யூன்னு சொல்றாங்க. இதுல ஒரு குழப்பம் இருக்கு, அமெரிக்கக் கணக்குல ஒரு நம்பர், மெட்ரிக் கணக்குல வேற நம்பர். மெட்ரிக் நம்பரை 5.68ஆல பெருக்கினா அமெரிக்க நம்பர் வரும். அதாவது மெட்ரிக்ல 1.25னா அமெரிக்கக் கணக்குல சுமார் 7. டப்பா மேல 10னு போட்டிருக்கே, சூப்பர்னு வாங்கிடாதீங்க, எந்தக் கணக்குன்னு பாருங்க. இந்தக் கட்டுரை முழுக்க நான் மெட்ரிக்ல சொல்றேன். இன்சுலேஷன் போர்டுல ஆர் வேல்யூ போடாம லாம்டான்னு (சூட்டை எவ்வளவு கடத்துதுங்கிற அளவு, கம்மியா இருந்தா நல்லது) ஒரு நம்பர் மட்டும் போட்டிருந்தா, போர்டு கனத்தை மீட்டர்ல எடுத்து அந்த லாம்டாவால வகுத்துக்கங்க. 50 மிமீ போர்டு, லாம்டா 0.037னா 0.05ஐ 0.037ஆல வகுக்கணும், 1.35 வரும்.

இப்போ ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். ரூம் 20 டிகிரி, அடியில மண் 10 டிகிரி, பைப் இருக்கிற லெவல்ல ஸ்க்ரீட் (பைப்பை மூடி ஊத்துற கலவை) சராசரியா 28 டிகிரின்னு வெச்சுக்கங்க. மேல டைல்ஸ்னா பைப்ல இருந்து ரூம் காத்து வரைக்கும் மொத்தத் தடை சுமாரா 0.14தான். 8 டிகிரி வித்தியாசத்தை 0.14ஆல வகுத்தா சதுர மீட்டருக்கு 57 வாட் மேல வருது. அடியில 1.25 இன்சுலேஷன் இருந்தா 18ஐ 1.25ஆல வகுக்கணும், 14 வாட் கீழ போகுது. அஞ்சுல ஒரு பங்கு மண்ணுக்கு. இன்சுலேஷனை ரெண்டு மடங்காக்கி 2.5 பண்ணினா 7 வாட் ஆயிடும். இப்போ அதே தரைல டைல்ஸுக்கு பதிலா 0.15 தடை உள்ள கார்பெட் போட்டுப் பாருங்க, அதே 57 வாட் மேல வரணும்னா பைப் லெவல்ல 36, 37 டிகிரி வேணும், அப்போ 1.25 போட்ட தரைல கீழ போறது 21 வாட். கார்பெட் மேலதான் கிடக்குது, ஆனா நஷ்டம் அடியில ஏறுது. இது தோராயக் கணக்குதான், மண்ணோட தடையை எல்லாம் விட்டுட்டேன், ஆனா மேல தடை கூடக்கூட அடியிலயும் கூட்டணும்னு புரிஞ்சுக்க இது போதும்.

எவ்வளவு போடணும்

இது முழுக்க அடியில என்ன இருக்குங்கிறதைப் பொறுத்தது. ஐரோப்பால தரை ஹீட்டிங்குக்குன்னு இருக்கிற ஈஎன் 1264 ஸ்டாண்டர்டு குறைஞ்சபட்சம் இவ்வளவுன்னு சொல்லுது: கீழ சூடாக்கின ரூம் இருந்தா 0.75, கீழ மண்ணோ சூடாக்காத ரூமோ இருந்தா 1.25, கீழ வெளிக்காத்துன்னா குளிரைப் பொறுத்து 2.0 வரைக்கும். இது குறைஞ்சபட்சம், இவ்வளவு போட்டா போதும்னு அர்த்தம் இல்ல. உங்க ஊர் கட்டட விதி இதைவிட அதிகமா கேக்கலாம், அதைப் பாத்துட்டு எது பெருசோ அதைப் போடுங்க. மண்ணு மேல போடுறவங்களுக்கு என் கருத்து 2க்கு கீழ இறங்காதீங்க, ஹீட் பம்ப் (வெளிய இருக்கிற சூட்டை இழுத்து தண்ணியை சூடாக்குற மெஷின்) வெக்கப்போறீங்கன்னா இன்னும் மேல போங்க, ஏன்னா ஹீட் பம்ப்போட லாபமே தண்ணி சூட்டை 35 டிகிரி மாதிரி கம்மியா வெச்சு ஓட்டுறதுலதான் இருக்கு.

கீழ இன்னொரு சூடான ரூம்தானே, வேற எங்கயோ போற சூடு இல்லையே, வீட்டுக்குள்ளயேதான இருக்குன்னு சில பேர் எதுவுமே போடாம விட்டுடுவாங்க. அப்படி விட்டா மாடி ரூம் தெர்மோஸ்டாட் கேக்குற சூட்டுல பெரிய பங்கு கீழ் ரூம் சீலிங்கு வழியா இறங்கும், கீழ இருக்கிறவங்க ஜன்னலைத் திறப்பாங்க, மேல இருக்கிறவங்க குளிருதும்பாங்க. அந்த 0.75 அதுக்குத்தான்.

என்ன மெட்டீரியல்

சுத்தி வளைக்காம சொன்னா மூணு வகை ஃபோம் போர்டுதான் பெரும்பாலும். வெள்ளையா குட்டி குட்டி உருண்டை ஒட்டின மாதிரி இருக்கிறது ஈபிஎஸ், லாம்டா 0.036ல இருந்து 0.038 வரைக்கும், விலை கம்மி. நீலம், பிங்க், பச்சைன்னு கலர்ல வழவழன்னு வர்றது எக்ஸ்பிஎஸ், 0.029ல இருந்து 0.034 வரைக்கும், தண்ணியை ரொம்பக் கம்மியா உறிஞ்சும், ஈரமான மண்ணுக்கு இதுதான் நிம்மதி. மூணாவது பிஐஆர், ரெண்டு பக்கமும் ஃபாயில் ஒட்டி மஞ்சளா இருக்கும், 0.022, கனம் கம்மியா இருக்கும்போதே நல்லா தடுக்கும், ஆனா ஈரம் ஏறினா போச்சு, அதனால மண்ணுல நேரா வெக்காம கான்க்ரீட் ஸ்லாபுக்கு மேல, ஸ்க்ரீட்டுக்கு அடியில, ஈரம் வராத இடத்துல போடுங்க. தரை உயரம் பத்தலங்கிற இடத்துல பிஐஆர் கைகொடுக்கும்.

"ஃபோம் நசுங்கிடாதா?" நியாயமான பயம்தான். ஈபிஎஸ் 100னு போட்டிருந்தா 100 கிலோபாஸ்கல் அழுத்தத்துல 10 சதவீதம் நசுங்கும்னு அர்த்தம், வருஷக்கணக்கா தாங்குறது அதுல மூணுல ஒரு பங்கு அளவுக்குன்னு வெச்சுக்கங்க, அப்போகூட 30. 75 மிமீ ஸ்க்ரீட்டோட எடை சதுர மீட்டருக்கு 150 கிலோ கிட்ட வரும், அது 1.5 கிலோபாஸ்கல், ஆளு, சோபா, பீரோ எல்லாம் சேத்து இன்னொரு 2. ஆக 4ஐக்கூட தொடல. பயப்பட வேண்டியது சுவர், தூண், கார் நிக்கிற இடம், இந்த மாதிரி ஒரே இடத்துல எடை இறங்குற இடங்கள், அங்க மட்டும் இன்ஜினியரைக் கேக்காம ஃபோம் வெக்காதீங்க. பேக்கிங்குக்கு வர்ற தெர்மாகோலை எடுத்துப் போடுறவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம், அதுக்கு இந்த அழுத்தக் கணக்கு எதுவும் கிடையாது.

அப்புறம் அந்த பபிள் ஃபாயில். சுருட்டு சுருட்டா வரும், மெல்லிசா பளபளன்னு இருக்கும், போடுறதும் சுலபம், "சூட்டைத் திருப்பி அடிக்கும், 2 இன்ச் ஃபோமுக்குச் சமம்"னு விப்பாங்க. ஃபாயில் சூட்டைத் திருப்புறது அதுக்கு முன்னாடி காத்து இடைவெளி இருந்தா மட்டும்தான். கான்க்ரீட்டோட ஒட்டிக்கிட்டு கிடக்கும்போது சூடு கதிரா வர்றதே இல்ல, நேரா கடத்திக்கிட்டு வருது, அங்க பளபளப்புக்கு ஒரு வேலையும் இல்ல. மிஞ்சுறது நடுவுல இருக்கிற சில மிமீ பபிள்தான், அது 0.2 தாண்டினாலே பெருசு. போதாக்குறைக்கு ஈர சிமெண்ட் அலுமினியத்தை அரிச்சுடும். பிஐஆர் போர்டோட ஃபாயிலுக்கும் இதே பிரச்சனைதான், அதனாலதான் அதுக்கு மேல பிளாஸ்டிக் ஷீட் விரிச்சுட்டுத்தான் ஸ்க்ரீட் ஊத்தணும்.

மண்ணு மேல போடுற முறை

மண்ணை நல்லா இடிச்சு லெவல் பண்ணி, மேல 100 மிமீ ஜல்லி போட்டு அதையும் இடிச்சுக்கங்க. ஜல்லி இருந்தா கீழ இருந்து ஈரம் மேல ஏறாது. அதுக்கு மேல மெல்லிசா மணல் தூவி மட்டக்கோல் போட்டு இழுங்க. இதுல நேரம் எடுத்துக்கங்க, ஏன்னா போர்டுக்கு அடியில பள்ளம் இருந்தா கால் வெக்கும்போது போர்டு ஆடும், ஆடுற போர்டு மேல ஊத்தின கான்க்ரீட் அங்கதான் வெடிக்கும்.

அடுத்து பிளாஸ்டிக் ஷீட். ஈரத்தைத் தடுக்கிறதுக்கு 0.15 மிமீ கனம்தான் பழைய வழக்கம், ஆனா வேலைக்காரங்க நாலு தடவை நடந்தாலே அது கிழிஞ்சுடும், 0.25 மிமீ இல்லன்னா அதுக்கு மேல வாங்குங்க. ஷீட்டும் ஷீட்டும் சேர்ற இடத்துல 150 மிமீயாவது ஏறி இருக்கணும், டேப் ஒட்டணும், சுவர் ஓரத்துல மடிச்சு மேல ஏத்தி விடணும். ஷீட் ஃபோமுக்கு மேலயா கீழயாங்கிறது ஓயாத சண்டை. கான்க்ரீட்டை ஒட்டி மேல இருந்தா ஈரம் ஸ்லாபைத் தொடாது, ஃபோம் இடுக்குல சிமெண்ட் பாலும் இறங்காது, ஆனா பைப்பைப் பிடிக்க கிளிப் குத்தும்போது ஓட்டை விழும். கீழ இருந்தா ஓட்டை விழாது, ஆனா ஊத்தின தண்ணி ஃபோமுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல தேங்கும். கையில காசு இருந்தா கீழ கனமான ஷீட் ஒண்ணு, மேல மெல்லிசா ஒண்ணுன்னு ரெண்டும் போட்டுடுங்க, நான் சொல்றது அதுதான்.

போர்டை செங்கல் கட்டுற மாதிரி இணைப்பு ஒரே கோட்டுல வராம தள்ளித் தள்ளி அடுக்குங்க. ஒரே கனமான போர்டைவிட பாதிக் கனத்துல ரெண்டு அடுக்கு நல்லது, மேல் அடுக்கோட இணைப்பு கீழ் அடுக்கோட இணைப்பு மேல வராம பாத்துக்கிட்டா இடுக்கு வழியா சூடு நேரா இறங்காது. தண்ணி லைன், கரண்ட் பைப் ஏதாவது தரைல ஓடினா அதைக் கீழ் அடுக்குல போக விட்டு வெட்டிப் பொருத்திக்கங்க, மேல் அடுக்கு முழுசா சமமா இருக்கும். ஒண்ணு கவனிங்க, பிவிசி உறை போட்ட வயர் பாலிஸ்டைரீன் ஃபோமைத் தொட்டுக்கிட்டு கிடந்தா நாளாக ஆக உறை விறைச்சுப்போகும், நடுவுல ஏதாவது குழாயோ ஷீட்டோ இருக்கணும். பெட்ரோல், தின்னர், கரைப்பான் கலந்த தார், பசை இதெல்லாம் ஈபிஎஸ், எக்ஸ்பிஎஸ் ரெண்டையும் கரைச்சுடும், சைட்ல பக்கத்துலயே வெக்காதீங்க. கரையான் இருக்கிற மண்ணுன்னா கரையான் மருந்து, தடுப்பு எல்லாம் ஃபோம் போடுறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும், ஃபோமுக்குள்ள அது பாட்டுக்கு வழி பண்ணிக்கிட்டு ஏறும், வெளிய தெரியவே தெரியாது.

ஓரம்தான் முக்கியம்

எல்லாரும் நடுவுல கனமா போட்டுட்டு ஓரத்தை விட்டுடுறாங்க. ரூம் நடுவுல இருந்து சூடு வெளிய போகணும்னா மண்ணுக்குள்ள நீளமா சுத்திப் போகணும், மண்ணே கொஞ்சம் தடுக்கும். ஸ்லாபோட விளிம்புல அப்படி இல்ல, இந்தப் பக்கம் சூடான கான்க்ரீட், சில அங்குலம் தள்ளி வெளிக்காத்து. அடியில 100 மிமீ போட்டுட்டு விளிம்பை அப்படியே அஸ்திவாரச் சுவரோட ஒட்ட விட்டீங்கன்னா மழைக்காலத்துல வெளிச் சுவர் அடிப்பக்கம் மட்டும் சீக்கிரம் காயும், பனி நாட்டுல அங்க மட்டும் பனி உருகும். அது உங்க காசு.

அதனால ஸ்லாபோட விளிம்பு முழுக்க நிக்க வெச்ச போர்டு வரணும், அடிப் போர்டோட இடுக்கு இல்லாம சேரணும், மேல ஸ்லாப் மட்டம் வரைக்கும் வரணும். தரைல ஃபோம் தெரியுமேன்னு கவலையா இருந்தா மேல் நுனியை 45 டிகிரி சாய்ச்சு வெட்டிக்கங்க, ஸ்கர்ட்டிங் மூடிடும். கதவுக்கு அடியில, வாசப்படிக்கு அடியிலதான் நிறைய பேர் தொடர்ச்சியை விட்டுடுறாங்க, அங்க ஸ்லாப் வெளிய படிக்கட்டோட சேந்து ஓடும், அந்த இடத்துல கண்டிப்பா வெட்டி ஃபோம் வெக்கணும்.

ஸ்லாபுக்கு மேல ஸ்க்ரீட் போடுற முறைன்னா சுவர் ஓரத்துல 8, 10 மிமீ மெல்லிசான ஃபோம் பட்டை சுத்தி ஒட்டுவாங்க. அதோட முக்கிய வேலை வேற, ஸ்க்ரீட் சூடாகி விரியும்போது சுவரை இடிக்காம இருக்க இடம் விடுறது, அது 5 மிமீயாவது நசுங்கிக் கொடுக்கணும். பட்டைல ஒரு பிளாஸ்டிக் பாவாடை தொங்கும், அதைப் போர்டு மேல போட்டு ஒட்டணும். பட்டையோட மேல் நுனியை டைல்ஸ் ஒட்டி முடிச்ச அப்புறம்தான் வெட்டணும். முன்னாடியே வெட்டினா டைல்ஸ் பசை அந்த இடுக்குல இறங்கி கெட்டியாகி, விரியறதுக்கு விட்ட இடமே இல்லாம போயிடும்.

பைப், டெஸ்ட், ஊத்துறது

பைப்பை கிளிப் குத்தி ஃபோமுல நிறுத்துங்க, 16 மிமீ பைப்னா 150ல இருந்து 200 மிமீ இடைவெளி, ஒரு லூப் 100 மீட்டருக்குள்ள. கிளிப்போட நீளம் ஃபோம் கனத்தைவிட கம்மியா இருக்கணும், இல்லன்னா கீழ இருக்கிற ஷீட்டையும் குத்திடும். ஊத்துறதுக்கு முன்னாடி பிரஷர் டெஸ்ட் கட்டாயம், வழக்கமா 4ல இருந்து 6 பார், ஊத்தும்போதும் பிரஷர் அப்படியே இருக்கட்டும், யாராவது மண்வெட்டியால பைப்பைக் கொத்தினா அப்பவே பிரஷர் கேஜ் முள்ளு இறங்கும், ஈரமா இருக்கும்போதே தோண்டி சரி பண்ணிடலாம். ஒவ்வொரு ரூமையும் டேப்பை நீட்டி வெச்சு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, பின்னாடி கதவு ஸ்டாப்பருக்கு ட்ரில் போடும்போது நன்றி சொல்லுவீங்க.

தண்ணி மாதிரி ஓடுற ஸ்க்ரீட் ஊத்துறீங்கன்னா மேல் ஷீட்டோட டேப் ஒவ்வொண்ணையும் கையால தடவிப் பாருங்க. சின்ன ஓட்டை இருந்தாலும் உள்ள புகுந்து போர்டு மிதக்க ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் யாராலயும் எதுவும் பண்ண முடியாது. கைவண்டி ஓட்டுறவங்களுக்கு பலகை போட்டுக் கொடுங்க, ஃபோம் மேல நேரா சக்கரம் ஏறக்கூடாது.

மரத்தரையா இருந்தா

இங்க கதை வேற. பைப் பலகைக்கு அடியில, ஜாயிஸ்டுக்கு (பலகையைத் தாங்குற மர உத்தரம்) நடுவுல ஓடும், அலுமினியத் தகடு வெச்சு பலகையோட இறுக்கி விடுவாங்க. தகடு இருந்தா பஞ்சு மாதிரி இருக்கிற மினரல் வுல்லையோ கிளாஸ் வுல்லையோ தகட்டோட ஒட்டி, இடைவெளி இல்லாம, ஆனா அமுக்காம வைங்க. தகடு இல்லாம பைப் தொங்குதுன்னா 40, 50 மிமீ காத்து இடைவெளி விட்டு, ஃபாயில் பக்கம் மேல பாக்குற மாதிரி வைங்க, மேல சொன்ன ஃபாயிலுக்கு உண்மையாவே வேலை இருக்கிற இடம் இதுதான். 140 மிமீ மினரல் வுல் 3.7 கிட்ட கொடுக்கும், கீழ திறந்த இடம்னா அவ்வளவாவது போடுங்க. அதைவிட முக்கியம் ஜாயிஸ்ட் வெளிச் சுவர்ல போய் முட்டுற அந்த முனைகள். அங்க காத்து புகுந்தா எவ்வளவு வுல் வெச்சாலும் அதுக்கு மேல குளிர்காத்து ஓடிக்கிட்டே இருக்கும். ஃபோம் போர்டை அளவா வெட்டி முனைல வெச்சு சுத்தி ஸ்ப்ரே ஃபோம் அடிச்சு அடைச்சுட்டு அப்புறம் வுல் வைங்க. வுல் நாளடைவுல தொங்கும், கீழ கம்பியோ வலையோ கட்டாம விடாதீங்க.

எலக்ட்ரிக் மேட்

பாத்ரூமுக்கு டைல்ஸுக்கு அடியில கேபிள் மேட் போடுறவங்களுக்கு 6 இல்லன்னா 10 மிமீ சிமெண்ட் பூசின எக்ஸ்பிஎஸ் போர்டு கிடைக்கும். 10 மிமீங்கிறது 0.3தான், அதனால மண்ணோட நஷ்டத்தை அது தடுத்துடும்னு நம்பாதீங்க, அதோட வேலை அடியில இருக்கிற கனமான கான்க்ரீட்டை சூடாக்காம டைல்ஸை மட்டும் சீக்கிரம் சூடாக்குறது. கொஞ்ச நேரம் ஆன் பண்ணி ஆஃப் பண்ற ரூமுக்கு அது பெரிய வித்தியாசம். போர்டை பசைல முழுசா உக்கார வைங்க, அடியில பொத்தலா இருந்தா டைல்ஸ் வெடிக்கும். கேபிள் ஃபோமுக்குள்ள அமுங்கி இருக்கவோ காத்துல தொங்கவோ கூடாது, சூடு போக வழி இல்லாம அந்த இடம் கருகும், முழுக்க பசைலயோ லெவலிங் கலவைலயோ மூழ்கி இருக்கணும். மல்டிமீட்டர் வெச்சு ரெசிஸ்டன்ஸை விரிக்கிறதுக்கு முன்னாடி, விரிச்ச அப்புறம், டைல்ஸ் ஒட்டின அப்புறம் அளந்து லேபிள்ல இருக்கிற நம்பரோட ஒப்பிட்டுப் பாருங்க. கேபிளை வெட்டவே கூடாது, கனெக்ஷனை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கொடுக்கட்டும், 30 மில்லி ஆம்ப் ஆர்சிடி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) வழியா.

முதல் தடவை ஆன் பண்றது

தண்ணி பைப் போட்ட சிமெண்ட் ஸ்க்ரீட்னா 21 நாள், அன்ஹைட்ரைட் (சிமெண்டுக்கு பதிலா ஜிப்சம் வகை) ஸ்க்ரீட்னா 7 நாளாவது காயட்டும், கம்பெனி இன்னும் அதிகமா சொன்னா அதையே கேளுங்க. அப்புறமும் எடுத்ததும் முழுச் சூடு வேணாம், 3 நாள் தண்ணி 20ல இருந்து 25 டிகிரில ஓடட்டும், அடுத்த 4 நாள் டிசைன்ல போட்ட அதிகபட்சத்துல ஓடட்டும். சூடாக்கினா சீக்கிரம் காயுமேன்னு ஊத்தின மறுநாளே ஆன் பண்றவங்க இருக்காங்க, மேல காஞ்சு அடியில ஈரமா இருக்கும், ஓரம் வளைஞ்சு எழும்பிடும். அடியில பிளாஸ்டிக்கும் ஃபோமும் இருக்கிறதால ஈரத்துக்கு மேல் பக்கம் ஒரே வழிதான், அந்த வழியை மூடுறதுக்கு முன்னாடி, அதாவது மரமோ வினைலோ ஒட்டுறதுக்கு முன்னாடி, ஸ்க்ரீட்ல ஈரம் எவ்வளவு மிச்சம்னு அளந்து பாத்துட்டு ஒட்டுங்க.